வற் வீதத்துக்கு ஒரு தனிக் கட்டம்

அன்றாட விற்பனையும் வற் வரியும் ஒரே திரையில் தெரியும்படி மகன் எக்ஸலில் ஒரு பலகை செய்து தந்திருந்தான். சூத்திரங்களுக்குள்ளேயே வரி வீதத்தை எழுதியிருந்தான். தவறு அங்கேதான்.

2022 ஜூனில் 8 வீதம் 12 ஆனது, செப்டெம்பரில் 15. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியதில் ஒரு நிரல் தப்பிவிட்டது. வரி சேர்ந்த ஓர் இலட்சம் ரூபா விற்பனையில் 13,043 ரூபா வரிக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். பலகை 10,714 என்றே காட்டியது. மீதி 2,329 ரூபாவை இலாபம் என்று நம்பிச் சரக்கில் போட்டுவிட்டேன். அது நம் பணமல்லவே!

வீதத்தைத் தனிக் கட்டமொன்றில் எழுதி, எல்லாச் சூத்திரங்களும் அதையே பார்க்கும்படி செய்யுங்கள். கணினிக்காரர் இதை ‘மாறி’ என்பர். கட்டத்தின் முகவரியில் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டொலர் குறியிட்டால், சூத்திரத்தைக் கீழே இழுத்தாலும் நகராது. பெரிய கம்பனிகள் பாவிக்கும் கிராஃபானா பலகையிலும் மாறிக்கு முன் டொலர் குறிதான். நம்மவருக்குப் பிடித்த குறி!

ஆனால், 2024 ஜனவரியில் வீதம் 18 ஆனதும் கட்டத்தை மாற்றினேன். பழைய மாதக் கணக்குகளும் சேர்ந்தே மாறிவிட்டன. இப்போது திகதியும் வீதமும் கொண்ட சிறு அட்டவணை வைத்திருக்கிறோம். விற்பனைத் திகதியைப் பார்த்து அன்றைய வீதத்தை ‘வீலுக்கப்’ எடுத்துக்கொள்கிறது. திகதிகள் மட்டும் பழையதிலிருந்து புதியதுக்கு வரிசையாக இருக்க வேண்டும்.