அம்மம்மாவின் கை அளவும் ஒரு லவ் கேக்கும்

நாங்கள் சைவக்காரர். ஆனாலும் நத்தாருக்கு அம்மா கேக் அடிக்காமல் விட்ட வருஷம் எனக்கு நினைவில்லை. கொழும்பில் பக்கத்து வீட்டுப் பறங்கி அன்ரி பழக்கிவிட்டது அது. எங்கட வீட்டிலிருந்து பொங்கல் போகும், அங்கேயிருந்து லவ் கேக் வரும். 1983 கலவரத்தோடு அந்த வீடு போய்விட்டது. செய்முறை மட்டும் அம்மாவோட கனடா வந்து சேர்ந்தது.

போன வருஷம் அம்மா சீனியை இரண்டு தரம் போட்டுவிட்டா. ஒருத்தரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம். அன்றிரவு பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தச் செய்முறை ஒரு தாளிலும் இல்லை. எல்லாம் அம்மாவின் கையிலதான் இருக்கு.

"எவ்வளவு ரவை அம்மா?" என்று கேட்டால், "கண் சொல்லும்" என்பா. உங்கட வீட்டிலயும் இதே பதில்தானே?

இந்த வருஷம் ஒரு வழி கண்டுபிடித்தோம். அம்மா எதை எடுத்தாலும், அது கலவைக்குள் போகமுதல் என் ஒன்பது வயது மகள் அதைத் தராசில் வைப்பாள். "கொஞ்சம் பொறுங்கோ அம்மம்மா" என்று சொல்லி எழுதுவாள். கடைசியில் கிடைத்த கணக்கு இதுதான்: ரவை 250 கிராம், பட்டர் 250, சீனி 500, பொடியாக வெட்டிய கஜு 250, முட்டை மஞ்சள் கரு 10. அதோடு பூசணித் தோசி, தேன், பன்னீர், ஏலக்காய், சாதிக்காய்.

ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, பட்டரோடு பிசறி வைக்கவேணும். மஞ்சள் கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, மற்றதெல்லாம் சேர்த்து, கடைசியில் நுரைத்த வெள்ளைக் கருவை மெதுவாகக் கலக்கவேணும். அடி கருகாமல் இருக்கத் தட்டுக்கு இரண்டு மூன்று மடிப்புத் தாள் போடுங்கோ. 150 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். மேலே பொன்னிறமாகி உள்ளே ஈரமாக இருந்தால்தான் அது லவ் கேக். குச்சி சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் காய்ந்துபோகும்.

பிள்ளைகளோடு செய்கிறீர்களா? கஜு வெட்டுகிற வேலையை முதல்நாளே முடியுங்கோ. சின்னவர்கள் தட்டுக்குப் பட்டர் பூசட்டும், பெரியவர்கள் நிறுக்கட்டும். சின்னனில் நாங்கள் நக்கித் தின்ற பச்சை மாவை மட்டும் கொடுக்காதேங்கோ, பச்சை முட்டை இருக்கு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. வெளியே கொடுக்கமுதல் கஜு ஒவ்வாமை இருக்கா என்று கேளுங்கோ.

வேலையோட வேலையாகத் தமிழும் வரும். வறு, பிசறு, அடி, கிளறு, தூவு என்று ஒரு பின்னேரத்துக்குள் எத்தனை சொல்! கஜு, குசினி, மேசை எல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொற்கள் என்று சொன்னபோது, "அப்ப அம்மம்மா போர்த்துக்கீஸும் கதைப்பாவா?" என்று கேட்டாள் மகள். அம்மா சிரித்த சிரிப்பில் முட்டைக் கோது கலவைக்குள் விழுந்துவிட்டது.

நடுவில் அம்மா, "சீனி போட்டாச்சா?" என்று கேட்டா. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டா. மூன்றாம் தரம் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. மகள்தான் தாளைத் தூக்கிக் காட்டினாள். "போட்டாச்சு அம்மம்மா. இங்க பாருங்கோ, சரி போட்டிருக்கிறன்."

அம்மா கண்ணாடியைப் போட்டு அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தா. "அப்ப சரி" என்றுவிட்டுத் திரும்பவும் அடிக்கத் தொடங்கினா.

இருபத்திநாலாம் திகதி பின்னேரம் மாமா, சித்தி குடும்பம் எல்லாம் வந்திருந்தினம். பக்கத்து வீட்டு ஜமேக்கா அன்ரிக்கு ஒரு பெட்டி போனது, அவவின் கறுப்புக் கேக் திரும்பி வந்தது.

தாள் இப்ப குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கு. முதல் வரியில் 'றவை' என்று எழுதியிருக்கிறாள். நான் திருத்தவில்லை.