பேஸ் கிடாருக்கு எந்த ஆம்ப், எந்தப் பெட்டி?

ஆண்டு விழாவுக்குள் நம் இசைக்குழுவுக்கு ஒரு பேஸ் ஆம்ப் வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. "ஆயிரம் வாட்ஸ் எடுத்துடலாம்டா"ன்னு பாதிப் பேர் சொல்றாங்க. பணம் ஒரு தடவைதான் கிடைக்கும். அதனால்தான் வாங்குவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

முதலில், பேஸ் கிடார் தெரியாதவர்களுக்கு: நாலு கம்பி உள்ள, கனமான ஒலி தரும் கிடார் அது. இளையராஜா பாட்டை ஹெட்போனில் கேட்டால் குரலுக்குக் கீழே தனியா ஒரு பாட்டு ஓடுமே, அதுதான்! சாதாரண கிடாரின் தடித்த கம்பி விநாடிக்கு சுமார் 82 முறை அதிரும். பேஸில் அது 41 தான். அந்த ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். ஏறக்குறைய நம் வகுப்பறை நீளம். இவ்வளவு பெரிய அலையை எழுப்ப ஸ்பீக்கரின் கோன் நிறைய காற்றைத் தள்ளணும். அதனால்தான் சாதாரண கிடார் ஆம்பில் பேஸை மாட்டி சத்தமா வாசிச்சா கோன் கிழியும் ஆபத்து உண்டு.

சரி, பெட்டி எதுக்கு? கோன் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. பெட்டி இல்லையென்றால் பின் அலை சுற்றி வந்து முன் அலையை அழித்துவிடும். முதலில் காணாமல் போவது பேஸ்தான். ஆகவே பலகை தடிமனா இருக்கணும். விரலால் தட்டினால் "டொக்"னு கேட்கணும், "டங்ங்"னு இழுத்தா வேண்டாம்.

15 அங்குல ஸ்பீக்கரில்தான் பேஸ் வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15-இன் வர்க்கம் 225. நாலு 10 அங்குல ஸ்பீக்கருக்கு 100 வீதம் 400. காற்றை அதிகம் தள்ளுவது எது? 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. என்ற 300 வாட்ஸ் ஆம்ப் பெரிய மேடைகளுக்காகவே செய்யப்பட்டது. அதன் பெட்டியில் இருந்தவை எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள்!

இப்போ வாட்ஸ் சண்டைக்கு வருவோம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆக 500-க்கு பதில் 1000 வாங்கினால் பெரிய வித்தியாசம் இல்லை. அட்டையில் போட்ட 1000 பல சமயம் "பீக்" கணக்கு. ஆர்.எம்.எஸ். எவ்வளவுன்னு கேட்கணும். பெட்டிக்கும் ஒரு எண் உண்டு: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல்? 100 டெசிபல் பெட்டியில் 300 வாட்ஸ் தரும் சத்தத்துக்கு, 97 டெசிபல் பெட்டியில் 600 வாட்ஸ் வேண்டும். நம் ஹாலுக்கும் டிரம்ஸுக்கும் 300 ஆர்.எம்.எஸ்., நல்ல நாலு-பத்து பெட்டி போதும் என்பது என் கருத்து.

அடுத்தது ஓம். பக்க இணைப்பு பாடம் ஞாபகம் இருக்கா? 8 ஓம் பெட்டி இரண்டை அப்படிச் சேர்த்தால் 4 ஓம், மூன்று என்றால் 2.67. ஆம்பின் பின்னால் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்றிருந்தால் மூன்றாவது பெட்டியை மாட்டவே கூடாது. சூடாகி ஆம்ப் போயிடும். கிடார் வயரையும் பெட்டிக்குப் போடக்கூடாது. பின் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி ரொம்ப மெல்லிசு.

எடையையும் பாருங்கப்பா. பழைய வால்வு ஆம்ப் சில 30 கிலோவைத் தாண்டும். இப்போதைய கிளாஸ்-டி ஆம்ப் பல 3 கிலோ அளவுதான். நம்ம ஸ்டோர் ரூம் இருப்பது இரண்டாவது மாடியில்!

கடைக்குப் போகும்போது நம் பேஸையே எடுத்துட்டுப் போகணும். தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டி, சத்தத்தை மெதுவா ஏத்தி, பெட்டி கடகடக்கிறதான்னு கேட்கணும். ஒருத்தர் பத்தடி தள்ளி நிற்கணும். பக்கத்துல நின்னா பேஸ் சரியாத் தெரியாது.

— பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்