மேகத் தரவுத்தளங்களில் மறையாக்கம்

மேகத் தரவுத்தள மறையாக்கம் என்பது, மேகக் கணிமை நிறுவனங்கள் தம் வழங்கிகளில் நடத்தித் தரும் தரவுத்தளங்களில் உள்ள தரவை, திறவுகோல் இல்லாதோர் படிக்க இயலாதவாறு உருமாற்றி வைக்கும் முறை ஆகும். இது இரு நிலைகளில் தேவைப்படுகிறது. ஒன்று, வட்டுகளிலும் காப்புப்படிகளிலும் தரவு சேமிக்கப்பட்டிருக்கும் நிலை. மற்றொன்று, பயனரின் கணினிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே வலையமைப்பு வழியாகத் தரவு செல்லும் நிலை. இவ்விரு மறையாக்கங்களும் வெவ்வேறு ஆபத்துகளைத் தடுப்பவை. எனவே ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பின்னணி

முன்னர் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளம் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் கட்டடத்திலேயே இருந்தது. வழங்கி இருந்த அறையைப் பூட்டி வைப்பது பாதுகாப்பின் முதன்மையான பகுதியாகக் கருதப்பட்டது. அமேசான் நிறுவனம் 2009 இலும் மைக்ரோசாப்ட் நிறுவனம் 2010 இலும் உறவுசார் தரவுத்தளத்தை இணையவழிச் சேவையாக வழங்கத் தொடங்கின. இத்தகைய சேவையில் வன்பொருளைப் பேணுதல், மென்பொருளை இற்றைப்படுத்துதல், காப்புப்படி எடுத்தல் ஆகியவற்றைச் சேவை வழங்குநரே கவனித்துக்கொள்கிறார். தம் தரவு எந்த வட்டில் உள்ளது என்பதையோ, அவ்வட்டு பழுதாகி அகற்றப்படுவதையோ பயனர் அறிவதில்லை.

சென்னையின் மேற்குப் பகுதி இம்மாற்றத்தைக் கண்கூடாகக் காட்டுகிறது. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் பட்டறைகளுக்குப் பெயர் பெற்றது. அண்மை ஆண்டுகளில் என்.டி.டி., கன்ட்ரோல்எஸ் முதலிய நிறுவனங்கள் அம்பத்தூரில் தரவு மையங்களை அமைத்துள்ளன. சென்னையில் கரையேறும் கடலடி வடங்கள் இப்பகுதியின் தரவு மையங்களுக்கு வலுச் சேர்க்கின்றன. மைக்ரோசாப்டு 2015 இல் தொடங்கிய தென்னிந்திய மேக மண்டலமும் சென்னையிலேயே உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

அம்பத்தூரை அடுத்த ஆவடியில் ஒரு குருதிப் பரிசோதனை நிலையம் இயங்குவதாகக் கொள்வோம். அது நோயாளியின் பெயர், கைப்பேசி எண், சர்க்கரை அளவு, எச்.ஐ.வி. சோதனை முடிவு ஆகியவற்றைச் சென்னை மண்டலத்தில் உள்ள ஒரு மேகத் தரவுத்தளத்தில் பதிகிறது. வெளிப்பட்ட கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். வெளிப்பட்ட நோய்க்குறிப்பை மாற்ற இயலாது. அது ஒருவரின் வேலையையும் மணப் பேச்சையும் கூடப் பாதிக்கலாம்.

இத்தரவு முதலில் நிலையத்தின் கம்பியில்லா வலையமைப்பில் செல்கிறது; பின்னர் இணையத்தைக் கடக்கிறது; அதன்பின் தரவு மையத்தின் வட்டில் எழுதப்படுகிறது. 2015 டிசம்பரில் சென்னையில் ஏற்பட்டது போன்ற வெள்ளத்திலும் தரவு அழியாதிருக்க, வேறொரு நகரத்தில் ஒரு படியை வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. மைக்ரோசாப்டின் சென்னை மண்டலத்துக்கு இணையாகப் புனேயில் உள்ள மண்டலம் அமைந்துள்ளது. இவ்வாறு ஒரே சோதனை முடிவு பல வலையமைப்புகளில் பயணம் செய்து, பல வட்டுகளில் தங்குகிறது. இவற்றுள் மறையாக்கம் இல்லாத ஓரிடம் இருந்தாலும் மற்ற இடங்களில் செய்த காப்பின் பயன் குறைந்துவிடும்.

சேமிப்பில் உள்ள தரவு

சேமிப்பில் உள்ள தரவை மறைக்கப் பெரும்பாலும் ஏ.இ.எஸ். என்னும் மறையாக்க முறை பயன்படுகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டாமன், வின்சென்ட் ரெய்மன் ஆகியோர் உருவாக்கிய இம்முறையை அமெரிக்கச் சீர்தர நிறுவனம் 2001 இல் ஏற்றுக்கொண்டது. இதில் 128, 192 அல்லது 256 இருமங்கள் நீளமுள்ள திறவுகோல்கள் உள்ளன. மேகச் சேவைகளில் 256 இருமத் திறவுகோலே பெருவழக்கு.

தரவு வட்டில் எழுதப்படும்போது மறைக்கப்பட்டு, படிக்கப்படும்போது மீட்கப்படுகிறது. இப்பணி தரவுத்தளத்துக்குள்ளோ அதன் கீழுள்ள சேமிப்பு அடுக்கிலோ நடைபெறுவதால், பயன்பாட்டு நிரலை மாற்றத் தேவையில்லை. இன்டெல் நிறுவனம் 2010 முதல் ஏ.இ.எஸ். கணிப்புக்கான தனி ஆணைகளைத் தன் செயலிகளில் சேர்த்து வந்ததால், இதனால் ஏற்படும் வேகக் குறைவு சிறியதே.

மைக்ரோசாப்டின் மேகத் தரவுத்தளத்தில் 2017 முதல் புதிய தரவுத்தளங்களுக்கு இம்மறையாக்கம் இயல்பாகவே இடப்படுகிறது. அமேசானின் ஆர்.டி.எஸ். சேவையிலோ, மறையாக்கம் இன்றி உருவாக்கப்பட்ட தரவுத்தளத்தைப் பின்னர் அப்படியே மறைக்க இயலாது. அதன் நிலைப்படியை எடுத்து, அதற்கு மறையாக்கம் செய்த நகல் ஒன்றை உருவாக்கி, அந்நகலிலிருந்து புதிய தரவுத்தளத்தை மீட்க வேண்டும். ஆகவே தொடக்கத்திலேயே முடிவெடுப்பது நன்று.

பரிமாற்றத்தில் உள்ள தரவு

வலையமைப்பில் செல்லும் தரவை டி.எல்.எஸ். என்னும் நெறிமுறை காக்கிறது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1990களின் நடுவில் வெளியிட்ட எஸ்.எஸ்.எல். நெறிமுறையின் வழித்தோன்றல் இது. இதன் முதற்பதிப்பு 1999 இலும், 1.2 பதிப்பு 2008 இலும், 1.3 பதிப்பு 2018 இலும் வெளிவந்தன. பழைய 1.0, 1.1 பதிப்புகள் 2021 இல் முறைப்படி கைவிடப்பட்டன.

டி.எல்.எஸ். இரு பணிகளைச் செய்கிறது. முதலாவது, தரவை இடையில் உள்ளோர் படிக்காமல் மறைத்தல். இரண்டாவது, மறுமுனையில் இருப்பது உண்மையான வழங்கிதானா என்பதைச் சான்றிதழ் கொண்டு உறுதிசெய்தல். இரண்டாவது பணியே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. எடுத்துக்காட்டாக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இயல்பான இணைப்பு அமைப்பில், வழங்கி மறையாக்கத்தை ஏற்காவிட்டால் இணைப்பு மறையாக்கம் இன்றியே தொடரும்; சான்றிதழும் சரிபார்க்கப்படாது. சான்றிதழையும் வழங்கியின் பெயரையும் சேர்த்துச் சரிபார்க்கும் அமைப்பைப் பயனரே தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், போலி வழங்கி ஒன்றுடன் மறையாக்கத்தோடு பேசிக்கொண்டிருக்கும் நிலை ஏற்படலாம்.

திறவுகோல் மேலாண்மை

மறையாக்கத்தின் வலிமை திறவுகோலைக் காப்பதில் உள்ளது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலிலேயே வைத்துச் செல்வது பூட்டாமல் செல்வதற்கு ஒப்பாகும். எனவே மேகச் சேவைகளில் திறவுகோல்கள் இரு அடுக்குகளாக வைக்கப்படுகின்றன. தரவை மறைப்பது தரவுத் திறவுகோல். அத்திறவுகோலையே மறைத்து வைப்பது முதன்மைத் திறவுகோல். முதன்மைத் திறவுகோல், எளிதில் நகலெடுக்க இயலாத தனி வன்பொருளில் காக்கப்படுகிறது. இந்தியாவின் தனித்துவ அடையாள ஆணையமும் 2017 இல், ஆதார் எண்களைச் சேமிக்கும் நிறுவனங்கள் அவற்றைத் தனிப் பெட்டகத்தில் மறையாக்கம் செய்து, திறவுகோல்களை இத்தகைய வன்பொருளில் வைக்க வேண்டும் எனப் பணித்தது.

முதன்மைத் திறவுகோலைச் சேவை வழங்குநரே ஆளலாம், பயனரும் ஆளலாம். பயனர் ஆளும்போது கட்டுப்பாடு கூடுகிறது; பொறுப்பும் கூடுகிறது. திறவுகோல் அழிந்தால் தரவும் மீளாது. இதனால்தான் அமேசானின் சேவையில் திறவுகோலை அழிக்க ஆணையிட்ட பின்னரும் 7 முதல் 30 நாட்கள் வரை காத்திருப்புக் காலம் வைக்கப்பட்டுள்ளது.

வரம்புகள்

சேமிப்பு மறையாக்கம், திருடப்பட்ட வட்டிலிருந்தும் தவறிய காப்புப்படியிலிருந்தும் தரவைக் காக்கும். முறையான கடவுச்சொல்லைக் கையகப்படுத்தியவரிடமிருந்து அது காக்காது. அவர் கேட்கும்போது தரவுத்தளமே தரவை மீட்டுக் கொடுத்துவிடும். அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் 2019 இல் நிகழ்ந்த ஊடுருவல் இதற்குச் சான்றாகும். அவ்வங்கி மேகத்தில் வைத்திருந்த தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. எனினும் ஊடுருவியவர் பெற்ற அணுக்க உரிமை தரவை மீட்கவும் இடமளித்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரும், கனடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேரும் பாதிக்கப்பட்டனர்.

மிக நுண்ணிய தரவைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் முன்பே பயனரின் கணினியில் மறைத்துவிடுவது இதற்கு ஒரு தீர்வாகும். அப்போது சேவை வழங்குநராலும் அதைப் படிக்க இயலாது. ஆனால் அத்தகைய புலங்களில் தேடுதல், வரிசைப்படுத்துதல் போன்ற பணிகள் கடினமாகின்றன. மேற்கண்ட பரிசோதனை நிலையம், எச்.ஐ.வி. முடிவை இவ்வாறு மறைத்து, பதிவு எண்ணை மட்டும் தேடுவதற்கு ஏற்றவாறு வைக்கலாம்.

இந்தியச் சட்டம்

எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் நிறைவேற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தனிநபர் தரவைக் கையாள்வோர் பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகளுள் மறையாக்கத்தை இவ்விதிகள் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. இக்கடமைகளுக்கு அறிவிப்பிலிருந்து 18 மாத கால அவகாசம் தரப்பட்டது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. தரவு ஒரு சேவை வழங்குநரின் வழங்கியில் இருந்தாலும், இச்சட்டப்படி பொறுப்பு தரவைத் திரட்டிய நிறுவனத்தையே சாரும் என்பது குறிப்பிடத்தக்கது.