ஆயுதம் கைவிட்டுப் போன பிறகு

தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகக் கண்டிக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி தெரியும், கச்சேரி தெரியும், சந்தை தெரியும். நகரத்தை ஒட்டி மகாவலி ஓரம் இருக்கும் வட்டப்புலுவையை அநேகர் கவனிப்பதில்லை. யுத்தச் சட்டத்தின் அடிப்படையை விளங்கிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன்.

1803 பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் புகுந்தது. கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நகரைவிட்டு விலகியிருந்தான். முத்துசாமி என்பவனை அரியணை ஏற்றினார்கள். பிறகு காய்ச்சல் பரவியது. படையின் பெரும்பகுதி திரும்பிப் போக, ஆங்கிலேய அதிகாரி மேஜர் டேவியோடு மிஞ்சியவர்களில் பலர் படுத்த படுக்கை. ஜூன் 24 விடியற்காலை கண்டிப் படை தாக்கியது. அன்றே டேவி சரணடைந்தார். நோயாளிகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மற்றவர்கள் திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார்கள். வட்டப்புலுவையில் ஆறு பெருக்கெடுத்து ஓட, கடக்க வழியில்லை. முத்துசாமியைத் தன்னிடம் தரும்படி ராஜசிங்கன் கேட்டான், டேவி ஒப்படைத்தார், அவன் கொல்லப்பட்டான். 26ஆம் திகதி, ஆயுதங்களைக் கொடுத்துவிட்டு நின்ற ஐரோப்பியச் சிப்பாய்களை இருவர் இருவராகக் கூட்டிப்போய் வெட்டினார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கும் அதே கதி. பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் மட்டும் பின்கழுத்தில் வெட்டுப்பட்டு, சாய்ந்த தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மாத்தளைப் பக்கத்துக் கோட்டைக்குப் போய்ச் செய்தி சொன்னான்.

ஜூன் 24 காலையில் சண்டையிட்ட சிப்பாயைக் கொல்வது இன்றைய சட்டப்படியும் குற்றமில்லை. தூங்கும் சிப்பாயைத் தாக்கலாம், பின்வாங்கி ஓடுபவனையும் தாக்கலாம். ஆனால் அவன் சரணடைந்த நொடியில், அல்லது காயத்தாலோ நோயாலோ சண்டையிட முடியாமல் விழுந்த நொடியில், அவன்மீது கை வைப்பது யுத்தக் குற்றம். ஆள் அதே ஆள், சீருடையும் அதே சீருடை. எரியும் விமானத்திலிருந்து உயிர் தப்பப் பரசூட்டில் இறங்கும் விமானியை வானத்தில் சுடக்கூடாது; சண்டையிடவென்று பரசூட்டில் குதிக்கும் சிப்பாயைச் சுடலாம். இவ்வளவு நுணுக்கமாக மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

ஆங்கிலேயர் அடுத்தவன் நாட்டுக்குள் புகுந்தவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் யுத்தத்தை யார் தொடங்கினார், யார் பக்கம் நியாயம் என்பது வேறு கேள்வி. பாயில் கிடக்கும் நோயாளியின் உயிர் அந்தக் கேள்வியின் விடையில் தொங்கக்கூடாது. அதே ஆங்கிலேயர் 1818இல் ஊவா, வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடக்க வீடுகளையும் பயிர்களையும் எரித்தார்கள், மாடுகளைக் கொன்றார்கள். குடிமக்களைப் பட்டினி போட்டுப் போரிடுவதை 1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறைகள் தடை செய்கின்றன.

இந்த விதிகள் எழுத்தில் வந்ததெல்லாம் இந்தச் சம்பவங்களுக்குப் பின்னர்தான். 1859இல் சொல்ஃபெரினோ போர்க்களத்தில் காயப்பட்டவர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்ததைக் கண்ட ஹென்றி டுனான்ட் எழுப்பிய குரலில், 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை பிறந்தது. 1949இன் நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை உள்நாட்டு யுத்தத்துக்கும் பொருந்தும். அரசையும் கட்டுப்படுத்தும், ஆயுதம் ஏந்திய இயக்கத்தையும் கட்டுப்படுத்தும். இலங்கை 1959இல் அந்த நான்கு உடன்படிக்கைகளையும் ஏற்றது.

ஏற்று அரை நூற்றாண்டு கழித்து, 2009இல் வன்னியில் என்ன நடந்தது? ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, ஆஸ்பத்திரிகள் மீது அரச படையின் ஷெல்கள் விழுந்ததாகவும், தப்பியோட முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் சுட்டதாகவும் வந்த குற்றச்சாட்டுகளை நம்பத்தகுந்தவை என்றது.

அடுத்த முறை ஒரு யுத்தச் செய்தியைப் படிக்கும்போது, செத்தவன் எந்தப் பக்கத்தவன் என்பதற்கு முன்னால், அந்த நேரத்தில் அவனால் சண்டையிட முடிந்ததா என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அதையே முதலில் கேட்கப் பழக்குங்கள்.