மறதி நோய்க்கு முதல் போடுவது யார்?

"வயசானா மறதி சகஜம்தானே" என்று சொல்லிவிட்டுப் போவது நம் வீடுகளில் பழக்கம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. சாவி எதற்கு என்றே தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது வேறு. அதைத்தான் டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். அல்சைமர் அதில் அதிகம் காணப்படும் வகை. மூளையின் ரத்தக்குழாய் அடைப்பால் வருவதும் உண்டு.

2010-இல் வெளிவந்த இந்திய டிமென்ஷியா அறிக்கை, நாட்டில் 37 லட்சம் பேருக்கு இந்நோய் என்றது. 2023-இல் லாசி-டாட் என்ற ஆய்வு, 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், சுமார் 88 லட்சம் என்று கணக்கிட்டது. அளந்த முறை வேறுதான். ஆனாலும் தொகை சின்னதல்ல. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகமாம்.

கடைக்காரன் என்பதால் எந்தக் கணக்கிலும் முதல் போட்டவர் யார் என்று பார்ப்பேன். லாசி-டாட் ஆய்வுக்குப் பணம் தந்தது அமெரிக்க அரசின் தேசிய முதுமை நிறுவனம். கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் 45 வயது தாண்டிய 10,000 கிராமத்தாரைத் தொடர்ந்து கவனிக்கத் திட்டமிட்டது பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம். அதற்குக் கை கொடுப்பது இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதீக்ஷா அறக்கட்டளை. கொடுத்தவர்களை வாழ்த்துவோம். ஆனால் நம் பெரியவர்களைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது, அயல்நாட்டுக் கஜானாவையும் ஒரு தனவந்தரின் மனசையும் நம்பியா இருக்க வேண்டும்? இருபது வருஷம் தொடர வேண்டிய வேலை இது. ஒரு சீசன் சரக்கு அல்ல.

இங்கே ஆராய்ந்தால்தான் தெரியும் சங்கதிகள் உண்டு. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் எழுதினார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருஷம் பிந்தி வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அப்படித்தான். வேறு சில ஆய்வுகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் தமிழும் வீதியில் வேறு மொழியும் பேசும் நம்மைப் போன்றவர்களை வைத்து மேலும் பார்க்கலாமே!

சோதனையிலும் சிக்கல். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னால், கணக்கே படிக்காத பாட்டி நல்ல நினைவோடிருந்தும் தோற்றுப்போவாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நம் ஜனங்களுக்கென்றே ஒரு சோதனைத் தொகுப்பு செய்தது, நல்ல காரியம். முதலில் வந்தவை ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய 5 மொழிகள். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. நாக்பூரிலோ கல்கத்தாவிலோ இருக்கும் தமிழ்ப் பாட்டியை அரைகுறை ஹிந்தியில் கேட்டால் என்ன பதில் வரும்? ஆகவே டாக்டரிடம் போகும்போது, அவரோடு தமிழில் பேசிப் பழகிய ஒருவர் கூடப் போவது அவசியம்.

வைத்தியச் செலவுக்கு, 2024 அக்டோபரிலிருந்து 70 வயது தாண்டியவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத்தில் வருஷம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். இந்நோய்க்காரர் படுப்பது வீட்டில். ராத்திரி கதவைத் திறந்துகொண்டு போகாமல் காவல் இருப்பது மருமகளோ மகளோ. அவள் வேலையை விட்டதை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை. கேரள அரசு 2014-இல் டிமென்ஷியாவுக்கென்றே தனித் திட்டம் தொடங்கி, பகல்நேரப் பராமரிப்பையும் அதில் சேர்த்தது. பகலில் நாலு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் அந்த மருமகள் கொஞ்சம் தூங்குவாள். மற்ற மாநிலங்களில் நாம் கேட்க வேண்டியது முதலில் அதைத்தான்.