குமிழில்லா மலை வெங்காயம்

வெங்காயம் என்றதும் நம் மனக்கண் முன் எழுவது உருண்டு திரண்ட குமிழேயாகும். செட்டிகுளத்துக் கடைகளிலே சின்ன வெங்காயத்தையும் பம்பாய் வெங்காயத்தையும் கண்டு பழகிய நமக்குக் குமிழே வெங்காயத்தின் இலக்கணம். இக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை மலைகளிலே வாழும் காட்டு வெங்காயம் ஒன்று காட்டுகின்றது.

தாவரவியலார் அதனை அல்லியம் ஹூக்கரி என்பர். 1849 முதல் 1880 வரை பேராதனைப் பூந்தோட்டத்தை நடாத்திய துவைற்ஸ் என்பார், 1864இல் நிறைவெய்திய தம் இலங்கைத் தாவர அட்டவணையிலே இப்பெயரைச் சூட்டினார். அந்நூலுக்குத் துணைநின்ற அறிஞர் யோசேப்பு ஹூக்கர். தாவர நூல்கள் இலங்கையையும் இச்செடியின் வாழிடங்களுள் ஒன்றாகக் குறிக்கின்றன. எனினும் அது செழித்து வாழ்வது மேகாலயம், மணிப்பூர், பர்மா, யுன்னான் ஆகிய பகுதிகளின் மலைகளிலேயே. சீனத்தில் 1400 முதல் 4200 மீற்றர் வரையுள்ள உயரங்களில், காட்டோரங்களிலும் ஈரப் புல்வெளிகளிலும் அது காணப்படும்.

இச்செடியைப் பிடுங்கிப் பார்ப்போர் ஏமாற்றமே அடைவர். குமிழ் பருத்திராது. அதற்கு ஈடாக வேர்கள் தடித்துச் சதைப்பற்றுடன் கொத்தாகத் தொங்கும். இலைகள் அகன்று, நடுநரம்பு தெளிவாக அமைந்திருக்கும். பூக்கள் பெரும்பாலும் வெண்மையானவை. மணிப்பூர் மக்கள் இதனை மரோய் நபக்பி என்று அழைத்து, இலையையும் வேரையும் கறிக்கு இடுவர். அண்மைக் காலத்திற் கொரியரும் இதனைப் பயிரிடத் தொடங்கியுள்ளனர்.

குமிழ் ஏன் பருக்கவில்லை? குமிழ் என்பது வறட்சியையோ கடுங்குளிரையோ கடக்கச் செடி சேர்த்துவைக்கும் களஞ்சியம். மத்திய ஆசியாவின் வறள்மலைகளில் வாழும் வெங்காய இனங்கட்கு அது இன்றியமையாதது. முகிலும் மழையும் நீங்காத மலைச்சாரலில் வாழ்வதற்கோ அத்துணைப் பெருங் களஞ்சியம் வேண்டுவதில்லை என்றே கருதத் தோன்றுகின்றது.

இனி, நமது உலர் வலயத்தை நோக்குவோம். ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையைக் குளங்களிலே தேக்கி ஆண்டு முழுவதும் வாழ்வது நம் நாடு. செடிகளுள்ளும் அவ்வாறு வாழ்வன உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட மணற்பாங்கான நிலங்களில் வளரும் நரிவெங்காயம் அத்தகையது. பெருங் குமிழுடையது, வெயிற் காலத்தில் இலையின்றியே பூத்து, மழைக்குப் பின்னர் இலைவிடுவது. தோற்றத்தில் இதனினும் வெங்காயம் வேறில்லை. ஆனால் இஃது வெங்காயச் சாதியைச் சார்ந்ததே அன்று! இருதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் இதன் குமிழில் உள. சாறு பட்டால் தோல் அரிக்கும். வைத்தியர் அளவறிந்து சளிக்கு வழங்கிய மருந்தாயினும், உணவாக உண்பார்க்கு உயிர்க்கேடு விளைக்கும். நரி என்னும் அடையை முன்னோர் எச்சரிக்கையாகவே வைத்தனர் போலும்.

ஆகவே குமிழுள்ளது வெங்காயமன்றாயிற்று. குமிழ் பருக்காதது வெங்காயமாயிற்று. வேறுபாட்டைக் காட்டுவது மணமே. வெங்காயத்தையோ உள்ளியையோ நறுக்கும்போது கலங்கள் உடைய, அவற்றுள் ஒதுங்கியிருந்த நொதியம் கந்தகச் சேர்வைகளோடு கலக்கும். அக்கணமே காரமணம் பிறக்கும். மலை வெங்காயத்தின் இலையிலும் வேரிலும் இம்மணம் உண்டு, நரிவெங்காயத்தில் இல்லை. காட்டிலே வெங்காயம் போன்றதொன்றைக் காணும் மாணவர், அதனை வாயிலிடாது இலை நுனியொன்றைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பாராக. மணமில்லையேற் கையைக் கழுவிவிட்டு அப்பாற் செல்வாராக.