முசுறுக் கூட்டத்தில் ஒரு சிலந்தி

மழைக்கால இரவில், மட்கிக் கிடக்கும் செடிகொடிகளிலிருந்து மங்கலான ஒளி கசிந்தால் பேய் என்று சொல்லி ஒதுங்கிப் போவதுதான் ஊர் வழக்கம். கிழக்கு வங்கத்தின் லோன்சிங் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் கோபால் சந்திர பட்டாச்சார்யா ஒதுங்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். பார்த்ததைப் ‘பிரவாசி’ என்ற வங்க இதழில் எழுதினார். அந்தக் கட்டுரை ஜகதீஷ் சந்திர போஸின் கண்ணில் பட்டது. கல்லூரிப் படிப்பை முடிக்காத அந்த இளைஞரை 1921-இல் அழைத்து, கல்கத்தாவில் தாம் 1917-இல் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார் போஸ்.

அந்த நிறுவனத்தின் பெருமை தாவர ஆய்வு. கோபால் சந்திரரின் மனமோ பூச்சிகளிடம் போயிற்று. நகரத்தைச் சுற்றியிருந்த குளக்கரைகளிலும் தோப்புகளிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். சின்ன மீன்களைப் பிடித்துத் தின்னும் சிலந்தியைப் பற்றி எழுதினார். பெனிசிலின் கலந்த நீரில் வளர்த்த தலைப்பிரட்டைகள் தவளையாக மாறாமல் நின்றுவிடுவதைக் கண்டார். மாமரத்து இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளை வளர்த்து, புழுப் பருவத்தில் கிடைக்கும் உணவே ஓர் எறும்பு ராணியா வேலைக்காரியா என்பதைத் தீர்மானிக்கிறது என்று எழுதினார்.

இந்த முசுறுக் கூட்டத்துக்குள்தான் ஒரு வேடதாரி இருக்கிறது. நிறம், உடல்வாகு, நடை எல்லாம் முசுறு மாதிரியே. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே திரியும். ஆனால் அது சிலந்தி. கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும் முசுறைப் பல பறவைகள் எளிதில் தொடுவதில்லை. அந்தப் பயத்தின் நிழலில் சிலந்தி பிழைக்கிறது. நூறு எறும்புக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்க, கூட்டத்தைக் கூட்டமாகப் பார்க்காத கண் வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்; கால்களை எண்ண வேண்டும். ஆறா, எட்டா?

கிட்டத்தட்ட இதே வேலையைக் காகிதத்தில் கொடுக்கும் ஓர் உளவியல் சோதனை உண்டு. சிக்கலான ஒரு படத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு உருவத்தைத் தேடி எடுக்க வேண்டும். லண்டனில் அமிதா ஷா, உட்டா ஃப்ரித் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்து, 1983-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளே முந்தினார்கள். முழுப் படத்தில் மயங்காமல் பகுதியைப் பார்ப்பது அவர்களுக்கு இயல்பாக வந்தது. பின்னால் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே விடையைத் தரவில்லை என்றாலும், ‘குறை’ என்றே பேசப்பட்ட ஒன்றில் ஒரு திறனும் இருக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வலுத்தது. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய கருத்தை 2005-இல் டைனா மரே என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் விரிவாக முன்வைத்தார்கள்: பலரின் கவனம் பல திசையில் சிதறிப் பாய்கிறது, ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் ஒன்றிரண்டு வாய்க்காலில் முழு வேகத்தில் ஓடுகிறது.

கோபால் சந்திரருக்கு ஆட்டிசம் இருந்தது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். இறந்துபோன மேதைகளுக்கெல்லாம் மருத்துவச் சீட்டு எழுதும் பழக்கம் அண்மைக் காலத்தில் பெருகிவிட்டது. அதனால் யாருக்கும் லாபமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. ஒரே பூச்சியை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் குணத்தை வகுப்பறை தொந்தரவாகப் பார்க்கிறது, குளக்கரை அதையே தகுதியாகக் கேட்கிறது. தம்முடைய ஆட்டிசத்தைத் தாமே வெளிப்படையாகச் சொல்லும் அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின், படங்களாகவே சிந்திப்பவர். மாடுகள் தொழுவத்தில் மிரண்டு நிற்பதற்குக் காரணம் தரையில் விழும் நிழலும் தொங்கும் சங்கிலியும்தான் என்று அவர் காட்டினார். மற்றவர்கள் பார்த்தும் பார்க்காமல் போனவை அவை. வட அயர்லாந்தின் டாரா மெக்கனல்டி, ஆட்டிசத்தோடு வளரும் சிறுவனாக எழுதிய இயற்கை நாட்குறிப்புக்கு 2020-இல் வெயின்ரைட் பரிசு கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு ஆட்டிசம் உள்ள ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் ஓர் ஆய்வாளர் ஒளிந்திருப்பதாக நினைக்கக் கூடாது. பலருக்குப் பேச்சே பெரும் பாடு. கொல்கத்தாவின் பேருந்து ஹாரன் ஒன்றே போதும், சிலருக்கு அந்த நாள் முழுவதும் பாழாகிவிடும். ஆனால் அதே நகரத்தில் ரவீந்திர சரோவர் ஏரி இருக்கிறது; நரேந்திரபூர் பக்கம் சிந்தாமணி கர் பறவைச் சரணாலயத்தின் பழைய தோப்பு இருக்கிறது; கிழக்கே 12,500 ஹெக்டேருக்கு ஈரநிலம் விரிந்து கிடக்கிறது. பறவை பார்ப்பதற்கு யாருடைய கண்ணையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை. சும்மா இருப்பதே அங்கே மரியாதை. திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவது பிடிவாதம் அல்ல, ஆய்வு முறை.

கோபால் சந்திரரின் ‘பாங்லார் கீட்-பதங்க’ என்ற பூச்சி நூலுக்கு 1975-இல் ரவீந்திர விருது கிடைத்தது. கல்கத்தா பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது 1981-இல். அதே ஆண்டு ஏப்ரலில் அவர் காலமானார். நிறுவனத்தில் சேர்ந்து அறுபது ஆண்டு கழித்து வந்த பட்டம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சட்டத்தால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. மிச்சம் வீட்டிலும் பள்ளியிலும் இருக்கிறது. முசுறு சென்னையிலும் உண்டு, நாகர்கோவிலிலும் உண்டு. மாமரத்தடியில் உட்கார்ந்த பிள்ளை எழுந்து வர மறுத்தால், மணி அடித்துவிட்டது என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். தேதி போட்டு எழுதவோ வரையவோ சொல்லுங்கள். அதைப் படித்துப் பார்க்கும் பொறுமையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.